பல் வலி ராத்திரில மட்டும் ஏன் உயிர எடுக்குது? மாத்திரை உள்ள போய் என்னதான் பண்ணுது?

தேனி_சரவணன்:
மக்களே, வலது பக்கம் கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணு. பகல் பூரா சாதுவா இருக்கு, டீ குடிச்சா சுள்ளுன்னு ஒரு இழுப்பு அவ்ளோதான், ராத்திரி தலைய சாய்ச்சா போதும் காது வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, எந்திரிச்சு உக்காந்தா கொஞ்சம் இறங்குது. ஃபிரிட்ஜ் தண்ணிய வாயில அதக்கி வச்சுக்கிட்டா அப்படியே நிக்குது, தண்ணி வாய்ச்சூட்டுக்கு வந்ததும் திரும்ப ஆரம்பம். பாட்டிலும் கையுமா உக்காந்திருக்கேன். டாக்டர்கிட்ட நாளைக்கு போறேன், அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, அதனால "முதல்ல போய் டாக்டர பாருங்க"ன்னு யாரும் போடாதீங்க.

எனக்கு தெரிய வேண்டியது வேற. எங்கப்பாவுக்கு ஈறு நோய், பல்லு ஒவ்வொண்ணா ஆடி ஆடி விழுந்துச்சு, எக்ஸ்ரேல தாடை எலும்பு பாதி கரைஞ்சு போயிருந்துச்சு, மனுஷன் ஒரு நாள் கூட வலின்னு சொன்னதில்ல. எனக்கு இருக்குறது ஒரு கடுகளவு சொத்தை. அவருக்கு எலும்பே போச்சு வலியில்ல, எனக்கு ஓட்டை விழுந்ததுக்கு உயிர் போகுது. இது என்ன நியாயம்? யாராச்சும் விஷயம் தெரிஞ்சவங்க விளக்குங்க. முழிச்சுத்தான் இருக்கேன், நீளமா எழுதுனாலும் படிப்பேன்.

பல்லாண்டு_டாக்டர்:
சரவணன், நான் பல் டாக்டர்தான், ரூட் கெனால் பண்றதே என் பொழப்பு. நீங்க ஐஸ் தண்ணி பாட்டிலோட கிளினிக்குள்ள நுழைஞ்சா எக்ஸ்ரே எடுக்குறதுக்கு முன்னாடியே பாதி டயக்னோசிஸ் முடிஞ்சிரும். சூடு பட்டா வலி, குளிர்ச்சி வச்சா நிம்மதி, படுத்தா அதிகம், தன்னால வலி கெளம்புது, இது பல்லுக்குள்ள இருக்குற கூழ் (நாங்க பல்ப்னு சொல்வோம்) திரும்பி வராத அளவுக்கு வீங்கிட்ட நிலை. நேர்ல தட்டிப் பாத்துதான் உறுதி பண்ண முடியும், ஆனா கதை அந்தப் பக்கம்தான் போகுது.

முதல்ல இடத்தப் பாருங்க. ஒரு பல்லுக்குள்ள இருக்குற கூழ் ஒரு சொட்டு தண்ணிய விட கம்மி. அதுக்குள்ள ரத்தக்குழாய், நரம்பு, செல்லு எல்லாம் அடைஞ்சு கெடக்கு, சுத்தி நாலு பக்கமும் டென்டின்னு கல்லு மாதிரி சுவர், ஒரே வாசல் வேர் நுனில இருக்குற பொடி ஓட்டை. கையில அடிபட்டா தோலு வீங்கி எடம் குடுக்கும். பல்லுக்குள்ள வீங்க எடம் ஏது? சொத்தை கிருமியோட கழிவு அந்த டென்டின் சுவர்ல இருக்குற நுண்ணிய குழாய் வழியா உள்ள கசியும்போது அங்க உள்ள பாதுகாப்பு செல்லுங்க சிக்னல் கெமிக்கல்ஸ கொட்டுது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, ப்ராஸ்டாக்ளாண்டின், கூடவே ரத்தத்துல இருந்து வர்ற பிராடிகைனின். இதுங்க ரத்தக்குழாய விரிய வைக்கும், குழாய்ல இருந்து நீர் கசியும், அந்த மூலைல பிரஷர் ஏறும். ஒரு காலத்துல மொத்தக் கூழும் கழுத்து நெரிஞ்ச மாதிரி ஒரேயடியா செத்துப்போகும்னு நெனச்சாங்க, அப்புறம் அளந்து பாத்ததுல வீங்குன அந்த சின்ன பாக்கெட்ல மட்டும்தான் பிரஷர் ஏறுது, பக்கத்துலயே நார்மலா இருக்குன்னு தெரிஞ்சுது. அதான் ஒரே பல்லுல ஒரு மூலை அழுகி இன்னொரு மூலை உயிரோட இருந்து வலிச்சுக்கிட்டே இருக்கும்.

படுத்தா ஏன் அதிகம்னா, உக்காந்திருக்கும்போது இருக்குறத விட படுக்கும்போது தலைக்கு ரத்தம் கூடுதலா போகுது, ஏற்கனவே எடமில்லாத ரூம்ல இன்னும் கொஞ்சம் நெருக்கடி. ஐஸ் தண்ணி குழாய சுருக்குது, நெருக்கடி கொஞ்சம் இறங்குது. போதாததுக்கு உடம்பே சுரக்குற கார்டிசால் நடுராத்திரி வாக்குலதான் ரொம்பக் கம்மியா இருக்கும், வீக்கத்த அடக்குற ஆள் அந்நேரம் லீவு. பகல்ல வேல, போன், டிராஃபிக்னு மனசு வேற எங்கயோ இருக்கும், ராத்திரி நீங்களும் பல்லும் மட்டும்தான்.

மருந்தியல்_மணி:
டாக்டர் எடத்தப் பத்தி சொல்லிட்டாங்க, நான் கெமிக்கல் பக்கம் வரேன். பார்மகாலஜி பாடம் எடுக்குறவன், கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கோங்க.

இந்த லிஸ்ட்ல ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க. பிராடிகைனின் மாதிரி சிலது நேரா நரம்பைப் போய் குத்தும். ப்ராஸ்டாக்ளாண்டின் அப்படியில்ல, அது தனியா பெருசா வலிக்க வைக்காது, நரம்போட வரம்ப இறக்கி விடும். தெருவுல நிறுத்துன பைக்கோட அலாரத்த யாரோ ஓவரா திருகி விட்டுட்டா பூனை நடந்தாலும் கத்துமே, அந்த வேலைதான். 1972 வாக்குல செர்ஜியோ ஃபெரேரான்னு பிரேசில்காரர் இத காட்டுனாரு. நரம்பு முனைல இருக்குற சோடியம் சேனல்னு ஒரு கதவு லேசா தொட்டாலே தொறக்குற நிலைக்கு வந்துரும். நாடித்துடிப்பு ஒண்ணொண்ணும் ஒரு சின்ன தள்ளு, நார்மலா அத நரம்பு கண்டுக்கவே கண்டுக்காது, இப்ப ஒவ்வொரு துடிப்பும் வலியா கேக்குது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு சொன்னீங்கல்ல, கையில நாடி புடிச்சுப் பாருங்க, பெரும்பாலும் கூடவே போகும்.

சூடு ஏன் ஆகலங்குறதுக்கும் பதில் இங்கயே இருக்கு. டிஆர்பிவி1னு ஒரு சேனல், மிளகாய்க் காரத்துக்கும் சூட்டுக்கும் ஒரே கதவு, 1997ல டேவிட் ஜூலியஸ் கண்டுபுடிச்சது, 2021ல நோபல் வாங்குனாரு. சாதாரணமா 43 டிகிரிக்கு மேலதான் அது கத்தும். ப்ராஸ்டாக்ளாண்டினும் பிராடிகைனினும் சேர்ந்து அந்த வரம்ப உடம்புச் சூடு வரைக்கும் இறக்கிரும். அதாவது டீ கூட வேணாம், உங்க சொந்தச் சூடே போதும். காரமா சாப்ட்டுட்டு உடனே சுடச்சுட காப்பி குடிச்சுப் பாத்திருப்பீங்க, அதே கதவுதான்.

இப்ப மாத்திரை. செல்லோட சவ்வுல அரக்கிடோனிக் அமிலம்னு ஒரு கொழுப்பு இருக்கு. அத உருவி எடுத்து காக்ஸ் என்சைம் ப்ராஸ்டாக்ளாண்டினா மாத்துது. புரூஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கெட்டோரோலாக் எல்லாம் அந்த என்சைம் வாய அடைக்குது. ஆஸ்பிரின் 1899லயே கடைக்கு வந்துருச்சு, அது எப்படி வேலை செய்யுதுன்னு ஜான் வேன் சொன்னது 1971ல. எழுபது வருஷத்துக்கு மேல உலகமே முழுங்கிட்டு இருந்துச்சு, காரணம் தெரியாம. ஸ்டீராய்டு இன்னும் ஒரு படி மேல போய் அந்தக் கொழுப்ப உருவுறதயே தடுத்துரும், அதான் பெரிய பல் ஆபரேஷனுக்கு டெக்ஸாமெதசோன் குடுக்குறாங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க, மாத்திரை புதுசா ப்ராஸ்டாக்ளாண்டின் செய்யுறதத்தான் நிறுத்துது. கிருமி அங்கயேதான் இருக்கு, டிஎன்எஃப் வந்துக்கிட்டேதான் இருக்கு. ரத்தத்துல மருந்தோட அளவு கொறைஞ்சதும் ஃபேக்டரி திரும்ப ஓடும். மாத்திரை நாலஞ்சு மணி நேரம் மட்டும் கேக்குறது அதனாலதான்.

கொங்கு_கார்த்தி:
மணி சார் பிராடிகைனின் பத்தி ஒரு வரில கடந்துட்டீங்களே. அது பாம்பு விஷத்துல இருந்து கண்டுபுடிச்சதுன்னு எங்கயோ படிச்சேன், நெசமா?

மருந்தியல்_மணி:
நெசம்தான் கார்த்தி. 1949, சாவ் பாலோ. ரோச்சா இ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்ட் மூணு பேரு. ஜரராக்கான்னு அந்த ஊரு விரியன் பாம்பு விஷத்த நாய் ரத்தத்துல கலந்தப்ப ரத்தத்துலயே இருக்குற ஒரு புரதத்துல இருந்து இது வெட்டுப்பட்டு வெளிய வந்துச்சு. மேல சொன்ன ஃபெரேராவே 1965ல அதே பாம்பு விஷத்துல பிராடிகைனின அழிய விடாம காக்குற பொருளக் கண்டுபுடிச்சாரு, அதுல இருந்துதான் கேப்டோப்ரில்னு பிபி மாத்திரை வந்துச்சு. எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுற சிலருக்கு வறட்டு இருமல் வருதே, பிராடிகைனின் அழியாம தேங்குறதுதான் அதுக்கு முக்கிய காரணம். சரி, பல்லுக்கு வருவோம்.

சந்தேக_சாமி:
கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சரவணன் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஈறு நோய்லயும் இதே டிஎன்எஃப், இதே இன்டர்லூக்கின், இதே ப்ராஸ்டாக்ளாண்டின்தானே? எலும்பு கரையுற அளவுக்கு இருக்கு. அப்ப அப்பாவுக்கு ஏன் வலிக்கல? கெமிக்கல்தான் வலின்னா கெமிக்கல் இருக்குற எடத்துல எல்லாம் வலிக்கணும். உங்க தியரி எங்கயோ இடிக்குது.

பல்லாண்டு_டாக்டர்:
சாமி, கேள்வி சரியான கேள்வி. எங்க ஓபில தினம் பாக்குறோம் இத. வலியோட வர்றவங்க பல்லக் காப்பாத்திரலாம், வலியே இல்லாம "லேசா ஆடுது மேடம்"னு வர்றவங்களுக்குத்தான் கையில எடுத்துக் குடுக்குற நெலமை.

ஈறு நோய்ல கெமிக்கல்ஸ் இருக்கு, ஆனா நெருக்கடி இல்ல. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல உள்ள பாக்கெட் வாயப் பாத்து தொறந்து கெடக்கு, நீரும் சீழும் வழிஞ்சு வெளிய வந்துருது, அதான் வாய் நாத்தம், பிரஷ் பண்ணா ரத்தம். இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் இதுங்க அங்க இன்னொரு வேலைய அமைதியா பண்ணுது. எலும்பு செல்லுங்க மேல ராங்க்-லிகண்ட்னு ஒரு சிக்னல கூட்டி விடுது, அது எலும்பக் கரைக்குற ஆஸ்டியோகிளாஸ்ட் செல்ல உருவாக்கி ஓட விடும். அத அடக்குற ஆஸ்டியோப்ரோடெஜெரின் கொறையும். 1980கள்ல "ஆஸ்டியோகிளாஸ்ட்ட தூண்டுற ஏதோ ஒண்ணு"ன்னு பேரு மட்டும் வச்சுத் தேடிட்டு இருந்தாங்க, சுத்தம் பண்ணிப் பாத்தா அதுல முக்கியமானது இன்டர்லூக்கின்-1 பீட்டாவா இருந்துச்சு. வருஷக்கணக்குல, துளித்துளியா நடக்குது இது. போதாததுக்கு ஈறு நோய்ல முக்கியமான ஜிஞ்சிவாலிஸ்னு ஒரு கிருமி இருக்கே, பெரிய கேடி, வெள்ளணுவ கூப்பிடுற இன்டர்லூக்கின்-8 சிக்னலயே ஈறு செல்லுல அமுக்கிரும். போலீஸ கூப்பிட விடாது.

அதே ஈறுல ஒரு முள்ளோ பாக்கு தூளோ போய் பாக்கெட் வாய அடைச்சிருச்சுன்னு வைங்க, உள்ள சீழ் கட்டும், அன்னிக்கு அதே அப்பா துடிப்பாரு. ஆக கெமிக்கல் மட்டும் வலியில்ல. எந்த நரம்பு பக்கத்துல இருக்கு, எவ்ளோ வேகமா ஏறுச்சு, வெளிய போக வழி இருக்கா, இந்த மூணும் சேரணும். சேதம் எவ்ளோங்குறது தனிக் கணக்கு.

கூழ்ல இருக்குற நரம்புல ரொம்பப் பெரும்பான்மை வலி நரம்புதான். கீழ சொத்தை நெருங்குனா அந்த நரம்பு புதுசா கெளை வேற விடும். நரம்பே சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பின்னு ரெண்டு கெமிக்கல கக்கி ரத்தக்குழாய இன்னும் விரிக்கும், அதனால இன்னும் வீக்கம், இன்னும் நரம்பு தூண்டல். வட்டம்.

சந்தேக_சாமி:
இது ஓரளவுக்கு ஒத்துக்கலாம். வெளிய போக வழி இருந்தா வலி கொறையும்ங்குறதுக்கு வேற உதாரணம் இருக்கா?

பல்லாண்டு_டாக்டர்:
இருக்கு, அதுவும் கன்னத்துலயே. வேர் நுனிக்கு கீழ சீழ் புடிச்சா முதல்ல அது எலும்புக்குள்ள அடைபட்டிருக்கும், பல்ல நாக்கு தொட்டாலே அலறுவாங்க, பல்லு கொஞ்சம் உசந்து நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சீழ் எலும்பத் தொளைச்சு மேல மூடியிருக்குற பெரியாஸ்டியம் ஜவ்வ தூக்கும், அந்த நேரம்தான் உச்சம், ஏன்னா எலும்புல வலி நரம்பு ரொம்ப நெருக்கமா இருக்குறது அந்த ஜவ்வுலதான். ஜவ்வயும் கிழிச்சிக்கிட்டு சதைக்குள்ள வந்ததும் கன்னம் பொம்முன்னு வீங்கும், வலி மடமடன்னு இறங்கும். பேஷண்ட் மொகம் பலூன் மாதிரி ஆகி வந்து "இப்ப பரவால்ல மேடம்"பாங்க. நமக்கு அப்பதான் பயம் ஜாஸ்தி, கீழ் தாடை வீக்கம் கழுத்துப் பக்கம் எறங்கி மூச்ச அடைக்கிறது உண்டு. வாய் தொறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, காய்ச்சல்னா கிளினிக் வேணாம், நேரா பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சி.

இன்னொண்ணு, சரவணன் உங்களுக்குத்தான். திடீர்னு ஒரு நாள் வலி சுத்தமா நின்னா குணமாயிருச்சுன்னு அப்பாயின்ட்மென்ட்ட கேன்சல் பண்ணிராதீங்க. நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்த கட்டம் வேர் நுனிக்கு கீழ சத்தமில்லாம நடக்கும், எலும்புல கருப்பா ஒரு வட்டம் எக்ஸ்ரேல தெரியும், பெரும்பாலும் வலி துளியும் இருக்காது.

மெடிக்கல்_முருகேசு:
நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், பல் வலின்னு வர்றதுல பத்துக்கு எட்டு பேரு "அந்த ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் குடுங்கண்ணே"ன்னுதான் கேக்குறாங்க. சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன்னா பக்கத்து கடைக்கு போயிர்றாங்க. டாக்டர் மேடம், இந்த நெலமைல அது கேக்குமா கேக்காதா?

பல்லாண்டு_டாக்டர்:
அண்ணே, உயிரோட வீங்கியிருக்குற கூழ் வலிக்கு கேக்காது. 2000ல ஒரு சோதனை பண்ணாங்க, 40 பேருக்கு பாதிக்கு பென்சிலின், பாதிக்கு சும்மா மாத்திரை, வலியிலயும் வித்தியாசமில்ல, வலி மாத்திரை எத்தனை முழுங்குனாங்கங்குறதுலயும் பெரிய வித்தியாசமில்ல. சின்ன சோதனைதான், ஆனா காரணமும் ஒத்துப்போகுது, வலிக்க வைக்குறது நம்ம செல்லு விடுற கெமிக்கல், ஆன்டிபயாட்டிக்குக்கு அதோட சம்பந்தமே கெடையாது. 2019ல அமெரிக்க பல் மருத்துவ சங்கமும் நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள பெரியவங்களுக்கு இந்த வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேணாம்னு சொல்லிருச்சு. காய்ச்சல், பரவுற வீக்கம் இருந்தா அது வேற கதை.

இன்னும் ஒரு விஷயம் கேக்கலயே யாரும், நானே சொல்றேன். இந்த மாதிரி பல்லுக்கு மரத்துப்போற ஊசி சரியா புடிக்காது. உதடு மரத்துரும், நாக்கு மரத்துரும், பல்லத் தொட்டா குதிப்பாங்க, "ஊசி போடத் தெரியல"ன்னு நம்மள திட்டுவாங்க. வீங்குன எடத்துல அமிலத்தன்மை கூடிருது, ஊசில இருக்குற லிக்னோகைன் மருந்து நரம்புக்குள்ள போக வேண்டிய வடிவத்துல கம்மியாத்தான் இருக்கும், அதோட நான் சொன்ன கெமிக்கல்ஸ் நரம்புல ஒரு வகை சோடியம் சேனல கூட்டி விடுது, அது லிக்னோகைனுக்கு அவ்வளவா மசியாது. அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே வலி மாத்திரை போடச் சொல்றது, பல்லச் சுத்தி கூடுதல் ஊசி போடுறது எல்லாம் பண்ணுவோம். ஊசி பத்தலன்னா கைய தூக்குங்க, பல்லக் கடிச்சிக்கிட்டு பொறுத்துக்காதீங்க.

இயற்கை_ஏகாம்பரம்:
இவ்ளோ பேசுறீங்க, எங்க பாட்டி ஒரே ஒரு கிராம்ப கடிச்சு வச்சு வலிய நிறுத்துவா. வலி மாத்திரை எல்லாம் கிட்னிக்கு வேட்டு. டைக்ளோஃபினாக் தின்ன மாட்ட தின்னுதானே கழுகெல்லாம் செத்துச்சு? நமக்கு மட்டும் நல்லதா?

மருந்தியல்_மணி:
ஏகாம்பரம் அண்ணே, கிராம்பு மேட்டர்ல பாட்டிக்கு ஃபுல் மார்க். 2021ல ஜெர்மனில எர்லாங்கன் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு பேப்பர் போட்டாங்க, பல்லுல குளிர உணர்றது டென்டின கட்டுற செல்லுல இருக்குற டிஆர்பிசி5னு ஒரு சேனல், கிராம்பு எண்ணெய்ல இருக்குற யூஜினால் அத அடைக்குது. கூழ் வீங்குன மனுஷப் பல்லுல அந்த சேனல் கூடுதலா இருந்துச்சாம். யூஜினால் நரம்ப மரக்கவும் வைக்கும், ப்ராஸ்டாக்ளாண்டினயும் கொஞ்சம் கொறைக்கும். டாக்டருங்க தற்காலிகமா அடைக்குற சிமென்ட்டே ஜிங்க் ஆக்சைடும் யூஜினாலும்தான், கிளினிக் வாசனையே அதான். ஆனா எண்ணெய பஞ்சுல நனைச்சு ஓட்டைல மட்டும் வைங்க, ஈறுல ஊத்துனா வெந்துரும். ஆஸ்பிரின் மாத்திரைய பல்லோரம் வச்சு அதக்குறவங்களும் இருக்காங்க, அமிலம் அது, ஈறு வெள்ளையா உரியும்.

கழுகு விஷயம் முழு உண்மை. பாறுக்கழுகு டைக்ளோஃபினாக் போட்ட மாட்டு பொணத்த தின்னு கிட்னி போய், உடம்பு பூரா யூரிக் அமிலம் படிஞ்சு செத்துச்சு, 2006ல மாட்டு மருந்தா அத தடை பண்ணாங்க, நீலகிரி மாயாறு பக்கம் மிச்சம் இருக்குறதயாச்சும் காப்பாத்தப் பாக்குறாங்க. நம்ம கிட்னி அந்தக் கழுகு கிட்னி இல்ல. ஆனா நமக்கும் ரிஸ்க் இல்லாம இல்ல, ஏன்னா ப்ராஸ்டாக்ளாண்டின் வலிக்கு மட்டும் இல்ல, வயித்து உள்தோல காக்குறதும் கிட்னிக்குள்ள ரத்த ஓட்டத்த சரியா வைக்குறதும் அதுதான். ஃபேக்டரிய மூடுனா எல்லா சப்ளையும் நிக்கும். அல்சர், கிட்னி கோளாறு, ஹார்ட் பிரச்னை உள்ளவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, பிபிக்கு ராமிப்ரில் மாதிரி ஒண்ணும் நீர் பிரியுற மாத்திரையும் சேர்த்து எடுக்குறவங்க தானா வாங்கிப் போடக்கூடாது. வயித்த காப்பாத்துறேன்னு காக்ஸ் என்சைம்ல காக்ஸ்-2ங்குற வகைய மட்டும் அடைக்குற மாத்திரை கொண்டாந்தாங்க, அதுல வயாக்ஸ் மாரடைப்பு ரிஸ்க்கால 2004ல உலகம் பூரா வாபஸ்.

மத்தவங்களுக்கு, 400 மில்லிகிராம் இபுப்ரூஃபெனும் பாரசிட்டமாலும் சேர்த்து எடுக்குறது பல் வலிக்கு நல்லா கேக்குதுன்னு கடைவாய்ப்பல் எடுத்தவங்கள வச்சே நெறைய சோதனை இருக்கு. ரெண்டும் வேற வேற வழில போகுது. சாப்ட்டு போடுங்க, ரெண்டு மூணு நாளுக்கு மேல இழுக்காதீங்க, கூட்டு மாத்திரைல ஏற்கனவே பாரசிட்டமால் இருக்கும், மேல இன்னொரு டோலோ போட்டு கல்லீரல கெடுத்துக்காதீங்க.

மட்டுநகர்_ரவி:
வணக்கம் எல்லாருக்கும், மட்டக்களப்பில இருந்து. பல்லுக்கு சொன்னது விளங்குது, எலும்பு நோவுக்கும் இதே கதைதானோ? 2006 கடைசியில இஞ்ச சிக்குன்குனியா வந்தது, காய்ச்சல் கெதியா போயிட்டுது, ஆனா எங்கட அம்மாவுக்கு கணுக்கையும் கணுக்காலும் மாசக்கணக்கா நொந்தது, விடிய எழும்பி சுண்டு விரல மடக்கேலாது. கிருமி போன பிறகும் ஏன் நோகுது? பனடோல் குடுத்தும் பெருசா கேக்கேல்ல.

மருந்தியல்_மணி:
ரவி, அதே குடும்பம்தான். சிக்குன்குனியா வைரஸ் மூட்டுல உள்ள செல்லயும் எலும்பு கட்டுற ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லயும் பாதிக்கும். அந்த செல்லுங்க இன்டர்லூக்கின்-6 விடும், டாக்டர் மேல சொன்ன ராங்க்-லிகண்ட் கூடும், அடக்குறது கொறையும், மூட்டோர எலும்ப அரிக்குற செல்லு கெளம்பும். மாசக்கணக்கா மூட்டுவலி இருந்தவங்க ரத்தத்துல இன்டர்லூக்கின்-6 தூக்கலா இருந்தத சிங்கப்பூர்ல பாத்திருக்காங்க. காய்ச்சல் நேரத்துல டெங்கு இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் புரூஃபென், டைக்ளோஃபினாக் வேணாம், ரத்தக்கசிவு ரிஸ்க். அந்த வகைல அம்மாவுக்கு பனடோல் குடுத்தது சரி.

இந்த சிக்னல்ல ஒண்ண மட்டும் புடிச்சு அடைச்சா என்ன ஆகும்னு முதல்ல மனுஷங்கள்ல காட்டுனது முடக்குவாதத்துல. 1992, லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரி, மார்க் ஃபெல்ட்மனும் லூதியானால பொறந்த ரவீந்தர் மெய்னியும். டிஎன்எஃப்ப அடைக்குற ஆன்டிபாடிய 20 பேருக்கு போட்டாங்க, வருஷக்கணக்கா எந்த மருந்துக்கும் அடங்காத மூட்டு இறங்குச்சு. ஆனா டிஎன்எஃப் டிபிய பூட்டி வைக்குற காவலும் பாக்குது, நம்ம ஊர்ல அந்த ஊசிக்கு முன்னாடி டிபி டெஸ்ட் இல்லாம தொட மாட்டாங்க.

நெல்லை_செண்பகம்:
எல்லாத்தையும் வாசிச்சுட்டுதான் கேக்கேன். எங்கம்மாவுக்கு மார்புல கேன்சர், இப்பம் இடுப்பெலும்புலயும் முதுகெலும்புலயும் பரவிட்டு. வலில திரும்பிப் படுக்க முடியாம கெடந்தாவ. எலும்புக்கு நரம்பே கெடையாதுன்னு ஒருத்தர் சொன்னாரு, பொறவு எப்படி இந்த வலி? ஒரே ஒரு தடவ கதிர் வச்சாவ, கொஞ்ச நாள்ல நல்லா கொறைஞ்சுட்டு. ஜோலிட்ரானிக்னு ஒரு ட்ரிப்பும் போட்டாவ, மறுநாள் காய்ச்சலு, உடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி வலி, பயந்துட்டோம்.

மருந்தியல்_மணி:
அக்கா, எலும்புக்கு நரம்பு உண்டு. மேல் ஜவ்வுல நெருக்கமா, மஜ்ஜையிலயும் உள் எலும்புலயும் கொஞ்சம் கம்மியா. கேன்சர் செல்லு எலும்புக்குள்ள உக்காந்ததும் அதுவும் கூட இருக்குற செல்லுங்களும் ப்ராஸ்டாக்ளாண்டின், பிராடிகைனின், என்ஜிஎஃப்னு நரம்ப வளர்க்குற பொருள் எல்லாம் விடும். அதோட ராங்க்-லிகண்ட் வழியா ஆஸ்டியோகிளாஸ்ட்ட ஏவி விடும். அந்த செல்லு எலும்ப கரைக்குறதே அமிலம் சொரிஞ்சுதான், அது ஒட்டியிருக்குற குழில பிஹெச் நாலரை வரைக்கும் எறங்கும். மிளகாய்க் கதவுன்னு சொன்னேனே, அது அமிலத்துக்கும் தொறக்கும், அமிலத்துக்குன்னே தனி சேனலும் இருக்கு. என்ஜிஎஃப்பால அங்க நரம்பு புதுசா மொளைக்குது, எலும்பு மெலிஞ்சு பொடிசா விரிசலும் விடுது, அதான் திரும்பிப் படுத்தா குத்துது. ஈறு நோய்ல இதே எலும்பு செல்லு வேலை செஞ்சும் ஏன் வலிக்கலன்னு சாமி அடுத்து கேப்பாரு, அங்க உடம்பு பாரம் தாங்குற எலும்பு இல்ல, இந்த நரம்பு மொளைப்பும் மஜ்ஜை நெருக்கடியும் இல்ல.

ஒரே தடவ எட்டு கிரே கதிர், பல தடவ வைக்குறதுக்கு சமமா வலிய கொறைக்குதுன்னு நல்லா நிரூபணம் ஆனது, சரியாத்தான் பண்ணிருக்காங்க. ஜோலிட்ரானிக் அந்த எலும்பு தின்னிய கொல்லுது. முதல் ட்ரிப்புக்கு அப்புறம் வர்ற காய்ச்சலும் வலியும் ஒரு வகை டி செல்லு கிளம்பி இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் விடுறதால, பெரும்பாலும் மூணு நாளுக்குள்ள அடங்கும், பாரசிட்டமால் போதும், அடுத்தடுத்த ட்ரிப்புல கொறைஞ்சிரும். வலிய அடக்க வந்த மருந்தே அதே சிக்னல ஒரு தடவ கெளப்பி விட்டுட்டு போகுது பாருங்க.

கொங்கு_கார்த்தி:
அந்த என்ஜிஎஃப்ப அடைச்சா எல்லா வலியும் போயிராதா சார்?

மருந்தியல்_மணி:
போட்டுப் பாத்தாங்க கார்த்தி. டனேசுமாப்னு ஊசி, மூட்டுத் தேய்மானத்துக்கு. வலி கொறைஞ்சுது, ஆனா சிலருக்கு மூட்டு திடீர்னு வேகமா அழிஞ்சுது. 2021 மார்ச்ல அமெரிக்க நிபுணர் குழு 19க்கு 1னு வேணாம்னுட்டாங்க, கம்பெனியும் கைவிட்டுருச்சு. என்ஜிஎஃப்ப கண்டுபுடிச்ச ரீட்டா லெவி மொன்டால்சினிக்கு 1986லயே நோபல், அத அடைக்குற வலி மருந்து மட்டும் மனுஷங்களுக்கு இன்னும் கைக்கு எட்டல.

தேனி_சரவணன்:
எல்லாருக்கும் நன்றி. பல்லத் தொறந்தாச்சு, ஊசி ரெண்டாவது போட்டதும்தான் புடிச்சுது, கைய தூக்குனேன் மேடம். அப்பாவயும் ஈறுக்கு கூட்டிட்டு போகப் போறேன், வலிக்கலன்னு வர மாட்டேங்குறாரு, இந்த இழைய வாசிச்சுக் காட்டணும்.

நெல்லை_செண்பகம்:
டாக்டர் மேடம், கடைசியா ஒண்ணு. அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுது, பக்கத்துல இருக்குற கிளினிக்ல புடுங்கிரலாம்னாவ. ஜோலிட்ரானிக் பத்தி நாங்க சொல்லல, அவியளும் கேக்கல.

பல்லாண்டு_டாக்டர்:
அக்கா, நிறுத்துங்க, இப்ப புடுங்க வேணாம். அந்த மருந்து எலும்பு தின்னிய அடக்கி வைக்குது, ஆனா பல்லு எடுத்த குழி ஆறுறதுக்கும் அதே செல்லு வேணும், பழைய எலும்ப எடுத்தாத்தான் புதுசு கட்டும். இந்த மருந்து எடுக்குறவங்களுக்கு பல்லு புடுங்குனா சிலருக்கு தாடை எலும்பு வெளிய தெரிஞ்சு எட்டு வாரத்துக்கு மேல மூடாம கெடக்கும், 2003ல ராபர்ட் மார்க்ஸ் முதல்ல எழுதுனது. எலும்பு தின்னிய அடக்குற டெனோசுமாப்னு இன்னொரு ஊசிக்கும் இதே எச்சரிக்கை. கேன்சருக்கு குடுக்குற டோஸ்ல ரிஸ்க் கூடுதல், ஜோலிட்ரானிக் எலும்புல வருஷக்கணக்கா தங்கும், நாலு நாள் நிறுத்திட்டு புடுங்குறதுல பிரயோஜனம் இல்ல. அம்மாவோட கேன்சர் டாக்டர்கிட்ட எத்தன ட்ரிப், கடைசி தேதி என்னன்னு எழுதி வாங்கிட்டு, வாய் அறுவை சிகிச்சை பிரிவு இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு கூட்டிட்டுப் போங்க. ஈற சுத்தம் பண்றது, ஆடுற பல்ல பக்கத்துப் பல்லோட கட்டி வைக்குறது, சொத்தையா இருந்தா மேல வெட்டிட்டு வேருக்கு ரூட் கெனால் பண்ணி உள்ளயே விட்டுர்றதுன்னு புடுங்காம செய்யுற வழி இருக்கு, அவங்க எக்ஸ்ரே பாத்து சொல்வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்க வேணாம், சாஃப்ட் பிரஷ் போதும். கன்னத்துல மரத்துப்போன உணர்வோ, ஈறுல வெள்ளையா எலும்பு தட்டுப்பட்டாலோ நாள் பாக்காதீங்க, வலி இல்லன்னாலும் அன்னிக்கே போங்க.